ஆறு மணிக் குளிசை

இந்த நாட்டில் யாரும் சத்தம் போட்டுக் கோபப்படுவதில்லை. ஒஸ்லோவுக்கு வந்த நாளிலிருந்து நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கோபப்படப் பழகியிருக்கிறேன். ரயிலில், கடை வரிசையில், வேலை இடத்தில் எல்லாம் அப்படித்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் வாயைத் திறப்பேன். அந்த வாயைக் கேட்டுக்கொண்டு இத்தனை வருடம் இருந்தவள் என் மனைவி ஒருத்திதான்.

அன்றைக்கு நான் வாயைத் திறந்தது, அவள் வேலையில் தூங்கிவிட்டாள் என்பதற்காக.

பள்ளிக்கூடம் போகும் வயது வராத பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்க்கும் பார்னஹாகெ ஒன்றில் அவளுக்கு வேலை. மதியச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளை வண்டிலில் கிடத்தி, கம்பளியால் சுற்றி, வெளியே கூரைக்குக் கீழே வரிசையாக நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்திலும் அப்படித்தான். வெளிக்காற்றில் தூங்கினால் பிள்ளைக்கு நல்லது என்பது இவர்களுடைய நம்பிக்கை. பெரியவர்களில் ஒருவர் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும். அன்றைக்கு அது என் மனைவியின் முறை. பொறுப்பாளர் வந்து பார்த்தபோது ஏழு பிள்ளைகளும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. எட்டாவதாகப் பக்கத்து வாங்குப் பலகையில் இவளும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளைத் தனியாகப் பிள்ளைகளுடன் விடவில்லை. பாத்திரம் கழுவவும் ஈரச் சப்பாத்துகளை அடுக்கவும் விட்டார்கள். பதினைந்து வருடமாக அந்த முற்றத்தில் பிள்ளைகள் ஓடிவந்து ஏறும் மடி அவளுடையது. அன்று வீட்டுக்கு வந்து, மேலங்கியைக் கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து அழுதாள்.

நான் என்ன செய்தேன்? ஆறுதல் சொன்னேனா? "நித்திரைக்கு ஒரு அளவு இல்லையோ? சனி ஞாயிறு முழுக்கக் கிடக்கிறீர், ரயிலுக்கையும் நித்திரை, இப்ப வேலையிலையும் நித்திரை. இது வருத்தமில்லை, சோம்பல்!" என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் 'நீர்' போய் 'நீ' வந்துவிட்டது. "நீ ஒரு சோம்பேறி" என்று முடித்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி மேலங்கியைக் கழற்றினாள். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது.

அவளுக்குச் சலரோகம், அதுதான் சீனி வருத்தம், வந்து ஆறு வருடமாகியிருந்தது. மூன்று வருடம் கழித்துத் தைரொயிட் சுரப்பி சரியாகச் சுரக்கவில்லை என்றார் எங்கள் குடும்ப வைத்தியர். இரண்டும் ஒருவரிலேயே வருவது புதினமில்லை என்றும், காலையில் ஒரு குளிசை போட்டால் சுரப்பியின் குறை தீர்ந்துவிடும் என்றும் சொன்னார். எனக்கு அவர் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. எனக்கு அந்த விஷயம் வயிற்றுப் பிழைப்பு.

நான் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளர். சலரோகக்காரர்களின் தசையிலிருந்து எடுத்த உயிர்க்கலங்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றின் இழைமணிகள் எவ்வளவு ஒட்சிசனை எரிக்கின்றன என்று அளப்பதுதான் என் நாளாந்த வேலை. மைற்றோகொண்ட்ரியா என்று இங்கே எல்லோரும் சொல்வதை நான் மனதுக்குள் இன்னும் இழைமணி என்றுதான் சொல்லிக்கொள்வேன். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இருக்கிற அடுப்பு அது. சாப்பாட்டை எரித்து உடம்புக்குச் சக்தி தருவது அதுதான். அந்த அடுப்பைக் கூட்டு, குறை என்று கட்டளை போடுவது தைரொயிட் ஓமோன். ஓமோன் குறைந்தால் அடுப்பு மந்தமாகும். சலரோகத்திலோ விறகை அளவுக்கு மீறித் திணித்தபடி இருக்கும். திணித்த விறகு சரியாக எரியாமல் புகைவது போல, இழைமணிக்குள் அரைகுறையாக எரிந்த ஒட்சிசன் கசிந்து கலத்தின் சுவர்களையும் புரதங்களையும் அரிக்கும். ஒட்சியேற்ற அழுத்தம் என்பது அதுதான். மந்தமான அடுப்பு, அதற்குள் திணித்த விறகு, வீடு நிறையப் புகை. அந்த வீட்டில் இருக்கிற மனுசி எப்படி எழும்பி நடமாடுவாள்?

இதை நான் வேலை இடத்தில் படம் கீறி விளக்குவேன். தட்டில் இருக்கிற கலம் களைத்துவிட்டால் காரணம் கண்டுபிடிக்கும் வரை எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் மனைவி களைத்தபோது நான் காரணம் தேடவில்லை, அவளுடைய குணத்தில் பிழை கண்டேன்.

அவள் சொல்லாமலில்லை. "இஞ்சாருங்கோ, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரிக் கிடக்கு" என்பாள். "வெயில் காலத்திலையும் எனக்குக் குளிருது" என்பாள். தலைமயிர் சீப்போடு வந்தது. முகம் ஊதியது. வெஸ்ட்லி நிலையத்தில் இறங்கி எங்கள் மாடிக் கட்டடத்துக்கு வரும் அந்தச் சிறு ஏற்றத்தில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குவாள். நான் முன்னால் போய், மின்தூக்கியைத் திறந்து பிடித்துக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்ப்பேன்.

வைத்தியரும் வஞ்சகமில்லாமல் தன் பங்கைச் செய்தார். இரத்தத்தைச் சோதிப்பார், தைரொயிட் இன்னும் குறைவு என்பார், குளிசையின் அளவைக் கூட்டுவார். சில மாதம் போகும். மறுபடி சோதிப்பார், மறுபடி கூட்டுவார். சீனியும் ஏறிக்கொண்டே போனது. "சலரோகம் உள்ளவர்கள் களைப்பார்கள்தான். சோற்றைக் குறையுங்கள், காட்டுக்குள் நடவுங்கள்" என்று சிரித்த முகத்தோடு சொல்வார். நடக்க முடியவில்லை என்று வந்தவளுக்கு மருந்து நடப்பதுதான்! கடைசியாகப் போனபோது மூக்குக் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்து, "குளிசையை உண்மையிலேயே ஒவ்வொரு நாளும் போடுகிறீர்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தலைக்குள் கொதித்தது. என் மனைவி பொய் சொல்கிறாளாம்! அவளை நான் சோம்பேறி என்று சொல்லலாம், இவர் கள்ளி என்று நினைக்கக் கூடாது. "ஒவ்வொரு நாளும் போடுகிறாள். நான்தான் கையில் கொடுக்கிறேன்" என்று மேசையில் தட்டிச் சொன்னேன். சத்தம் வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

சொன்னதில் பொய் இல்லை. அந்தக் குளிசை என்னுடைய பொறுப்பு. தைரொயிட் என்று தெரிந்த நாளிலிருந்து, காலையில் அவள் எழும்பி அடுப்படிக்குப் போகக் கூடாது என்று சட்டம் போட்டேன். ஆறு மணிக்கு முன்பே எழும்பி நானே பால் தேத்தண்ணி போடுவேன். கோப்பையில் பையைத் தோய்த்து எடுக்கும் தேத்தண்ணி அல்ல. பாலிலேயே தேயிலையைப் போட்டுக் காய்ச்சி, இஞ்சி தட்டி, ஆற்றி எடுத்த தேத்தண்ணி. சலரோகம் என்பதால் சீனி ஒரு மணிகூடப் போட மாட்டேன். அந்த எச்சரிக்கையில் எனக்குப் பெருமை வேறு. சின்னத் தட்டில் குளிசையை வைத்து, பக்கத்தில் கோப்பையை வைத்து, கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் குளிசையை வாயில் போட்டு ஒரு மிடறு குடித்து விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் நகர்வேன்.

கோவில் மண்டபத்தில் நாலு பேர் கூடினால் இந்தக் கதை வராமல் இருக்காது. "எங்கடை ஆக்களிலை எந்த மனுசன் இப்பிடிக் கட்டிலுக்குத் தேத்தண்ணி கொண்டு போவான்?" என்று பெண்கள் சொல்வார்கள். எனக்கு உச்சி குளிரும். அதே பெண்கள்தான் அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், "சீனி வருத்தம் எண்டால் அப்பிடித்தான், பாவக்காய்ச் சாறு குடுங்கோ" என்று எனக்கு வைத்தியம் சொல்வார்கள். "என்ரை மச்சாளுக்கும் தைரொயிட்தான். அவ ஓடித் திரியிறா" என்றாள் ஒருத்தி. எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அதையும் அவள் தலையில் கொட்டினேன். "மற்றவை ஓடித் திரியினம். உமக்கு மட்டும் ஏலாது!"

தூங்கிய சம்பவத்துக்குப் பிறகு பார்னஹாகெயில் அவளை இரண்டு தடவை கூப்பிட்டுக் கதைத்தார்கள். சுகவீன விடுப்பு எடுக்கலாம் என்றார்கள். அவள் மாட்டேன் என்றாள். "எனக்கு என்ன வருத்தமெண்டு எடுக்கிறது?" என்று என்னிடம் கேட்டாள். நான், "முடியாட்டி விட்டுப்போட்டு இரும். அந்தப் பிள்ளையளுக்கு ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?" என்றேன். அடுத்த கிழமை அவள் நிரந்தர வேலையிலிருந்து விலகுவதாகக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாள். வந்து சொன்னபோது, நல்ல முடிவு என்றேன் நான்.

அந்த நாட்களில்தான் ஆய்வுகூடத்திலும் ஒரு சண்டை. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர், கெட்டிக்காரி, தசையிலிருந்து இழைமணிகளைப் பிரித்தெடுக்கும்போது தவறான கரைசலில் அலசிவிட்டார். அந்தக் கரைசலில் கல்சியம் இருந்தது. கல்சியம் பட்டால் பிரித்தெடுத்த இழைமணி ஊதிக் கெட்டுப்போகும். அது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. காலையிலிருந்து செய்த வேலை முழுவதும் குப்பைக்குப் போனது.

"ஒரே ஒரு தடவதான் சார் அலசினேன். கொஞ்சூண்டு கால்சியம்தான் சார் இருந்திருக்கும்" என்றார் அவர்.

"கொஞ்சமோ? ஒரு சொட்டுக் காணும், எல்லாத்தையும் நாசமாக்க! என்னத்தோட என்னத்தைச் சேர்க்கிறம் எண்டு பாக்கிறேல்லையோ? போத்தலிலை எழுதிக் கிடக்கிறதை வாசிக்கிறேல்லையோ?" ஒஸ்லோ பழக்கத்தை மறந்து வேலை இடத்திலேயே கத்தினேன். அவருடைய கண் கலங்கியது. நான் இரங்கவில்லை. கவனக்குறைவுக்கு என்னிடம் மன்னிப்பில்லை என்று மூன்று தரம் சொன்னேன். சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு வைத்தியருக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். மூன்று பக்கம். தைரொயிட் ஓமோன் எப்படி இழைமணியை இயக்குகிறது, சலரோகத்தில் ஒட்சியேற்ற அழுத்தம் ஏன் கூடுகிறது, இரண்டும் சேர்ந்தால் ஒரு மனுசியின் தசை எப்படிச் சோரும், இதையெல்லாம் பார்க்காமல் நடக்கச் சொல்லி அனுப்புவது எவ்வளவு பெரிய அலட்சியம் என்று வரி வரியாக எழுதினேன். நொர்வீஜிய மொழியில் எனக்குத் தெரிந்த கடுமையான சொற்களையெல்லாம் போட்டேன். அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன்.

அன்று வைத்தியரைப் பார்ப்பதற்கு முன் அங்கிருந்த சலரோகத் தாதி எங்களைக் கூப்பிட்டார். நரைத்த மயிரைக் கட்டையாக வெட்டிய, அவசரமே இல்லாத பெண். நான் கோப்பைத் திறந்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. என் மனைவியிடம், "காலையில் கண் விழித்ததிலிருந்து என்ன நடக்கிறது என்று ஒழுங்காகச் சொல்லுங்கள்" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். காலை என்னுடைய இலாகா அல்லவா? நான் சொன்னேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். ஆறு மணிக்கு முன்பே நான் எழும்புவதை, பாலைக் காய்ச்சுவதை, தேயிலையை, இஞ்சியை, சீனி போடாததை, தட்டில் குளிசையை வைத்துக் கட்டிலுக்கே கொண்டுபோவதை எல்லாம் சொன்னேன்.

தாதி பேனையை மேசையில் வைத்தார்.

"குளிசையைப் பால் தேநீரோடு விழுங்குகிறாரா?"

"ஓம்... ஆமாம். வெறும் வயிற்றில்தான். சாப்பாடு பத்து மணிக்குத்தான்" என்றேன்.

"தினமும்?"

"ஒரு நாளும் தவறவிட்டதில்லை."

எங்களுக்குத் தேத்தண்ணி சாப்பாடு அல்ல. வெள்ளிக்கிழமை விரதத்துக்கு மத்தியானம் வரை பச்சைத் தண்ணியும் படாதவள் என்று பெயரெடுத்த என் மனைவி, காலையில் பால் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் அந்த விரதத்தைப் பிடிப்பாள். அதில் யாரும் குற்றம் காண மாட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனால், ஒன்றும் சாப்பிடாமல் போகிறாரே என்றுதான் மனவருத்தப்படுவோம். வயிறு வெறுமையா என்று கேட்டால் சோறோ பாணோ உள்ளே போனதா என்றுதான் எங்கள் புத்தி பார்க்கும்.

தாதி பொறுமையாகச் சொன்னார். பாலில் இருக்கும் கல்சியம் இந்தக் குளிசையைப் பிடித்துக்கொள்ளும். தேயிலையும் தன் பங்குக்குத் தடுக்கும். குளிசையில் பெரும்பகுதி இரத்தத்துக்கு வராமலே போயிருக்கக்கூடும். தண்ணீரோடு மட்டும் போட வேண்டும், குறைந்தது அரை மணி நேரம் வேறு ஒன்றும் கூடாது. "பெட்டிக்குள் இருக்கும் தாளில் இது எழுதியிருக்கிறது" என்றார்.

அந்தத் தாள். ஒவ்வொரு பெட்டியிலும் மடித்து வைத்திருப்பார்கள். மூன்று வருடமாக ஒவ்வொரு பெட்டியையும் திறந்தவன் நான். நூறு பக்க ஆய்வுக் கட்டுரையில் அடிக்குறிப்பு வரை வாசிக்கிறவன் நான். அந்தத் தாளை எனக்கெதற்கு என்று கசக்கிக் கடதாசிக் கூடைக்குள் போட்டவனும் நான்தான். கல்சியம். எனக்கு அந்தத் தமிழ்நாட்டுப் பெண்ணின் கலங்கிய கண் நினைவுக்கு வந்தது. அவர் ஒரு தடவை அலசினார். நான் மூன்று வருடம் ஒவ்வொரு காலையும், என் கையாலேயே, இஞ்சி தட்டிப் போட்டு அலசியிருக்கிறேன்.

நான் முறைப்பாடு இருந்த கோப்பை மூடினேன். வைத்தியர் வந்தார். முதல் வேலையாகக் குளிசையின் அளவைப் பாதியாகக் குறைத்தார். இவ்வளவு பெரிய அளவு முழுதாக உள்ளே போனால் இதயம் தறிகெட்டு அடிக்குமாம். அவர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லாமலில்லை. மூன்று வருடம் அளவை மட்டும் கூட்டிக்கொண்டு போனவர், "எப்படிப் போடுகிறீர்கள்?" என்று ஒரு தரம் கேட்டிருக்கலாமே! போடுகிறீர்களா என்றுதான் கேட்டார். அந்தக் கோபத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் பிடித்தால் கையில் என்னுடைய தேத்தண்ணிக் கோப்பைதான் வருகிறது.

ரயிலில் அவள் யன்னலோரம் இருந்தாள். வெஸ்ட்லி கடைசி நிலையம் என்பதால் பெட்டி வரவரக் காலியாகிக்கொண்டு போனது. அன்றைக்கு அவள் தூங்கவில்லை.

தண்ணீரோடு குளிசை போடத் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் அவள் முகத்தின் வீக்கம் வடிந்தது. மூன்றாம் மாதம் வேலை விட்டு வந்து பார்த்தால் வீட்டில் ஆளில்லை. கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற காட்டுப் பாதையில் நடந்துவிட்டு, கன்னம் சிவக்க வந்தாள். சீனியும் கொஞ்சம் இறங்கியது. இரத்தச் சோதனை முடிவைப் பார்த்து வைத்தியர் கைகொடுத்தார். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

அவள் பார்னஹாகெக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். பொறுப்பாளர் கட்டிப்பிடித்து அழுதாராம். ஆனால் அவளுடைய இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள். யாராவது வராத நாளில் பதிலுக்கு விக்கார் வேலைக்குக் கூப்பிடுகிறோம் என்றார்கள். காலையில் தொலைபேசிக்குச் செய்தி வந்தால் போகலாம், வராவிட்டால் வீட்டில் இருக்க வேண்டும். பதினைந்து வருடத்துக்குப் பிறகு!

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். முப்பது வருடத்தில் முதல் தடவை. அடுப்படியில் வைத்து, "தேத்தண்ணியாலை இவ்வளவும் வந்திட்டுது. என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன்.

அவள் கழுவிய கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். அவள் சத்தம் போடவில்லை. இந்த நாட்டுக் கோபத்தை அவளும் பழகியிருந்தாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"தேத்தண்ணியை நீங்கள் அன்பாத்தான் தந்தனீங்கள். அதுக்கு மன்னிப்பு வேண்டாம். ஆருக்கும் தெரியாமல் நடக்கும்" என்றாள். "ஆனால் நீங்கள் என்னைச் சோம்பேறி எண்டு சொன்னனீங்கள். கலத்தைப் பற்றி எல்லாம் தெரிஞ்ச மனுசன் சொல்லுறார், அப்ப உண்மையாத்தான் இருக்கும் எண்டு நான் நம்பினனான். நம்பித்தான் கையெழுத்து வைச்சனான். அதுக்கு என்னாலை மன்னிக்க ஏலாது."

இப்போதும் ஆறு மணிக்கு முன்பே நான்தான் எழும்புகிறேன். ஒரு கிளாஸ் தண்ணியும் குளிசையும் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் விழுங்கிவிட்டு, உடுப்பு மாற்றி, சீப்பெடுத்துத் தலை இழுத்து, வேலைக்குப் போகிற கோலத்தில் அடுப்படிக் கதிரையில் வந்து இருப்பாள். அரை மணி நேரம் தேத்தண்ணி கிடையாது. மேசையில் தொலைபேசி இருக்கும். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அரை மணி முடிந்ததும் நான் பாலை அடுப்பில் வைக்க எழும்புவேன். அநேகமான நாட்களில், தொலைபேசி அதுவரை சத்தம் போட்டிருக்காது.